மல்வேர்ன் பரோனெற்றும் ஒரு குட்டை வரியும்

ரொறன்ரோ விமான நிலையத்தில் என்ன தொழில் என்று கேட்டார்கள். மரண அறிவித்தல் எழுதுகிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொன்னதும், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். யார் இறந்தது என்று கேட்கச் சொன்னார். இன்னும் ஒருவரும் இல்லை என்றேன்.

அந்த 'இன்னும்' என்ற சொல்லுக்காக முக்கால் மணித்தியாலம் ஓரமாக ஒரு கதிரையில் இருக்க வேண்டி வந்தது. எனக்குக் கரைச்சல் எப்போதும் இப்படித்தான் வரும். தேவையில்லாத இடத்தில் ஒரு சொல்லைக் கூடப் போட்டுவிடுவேன். இந்தப் பயணமே நான் கூடப் போட்ட ஒரு சொல்லால் வந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கதிரையை விட்டு எழும்பியிருக்க மாட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அச்சகத்தின் முன்மேசையில் இருந்து அறிவித்தல் எழுதுவது என் வேலை. இறந்தவர் எங்கே பிறந்தார், எங்கே வசித்தார், யாருக்கு மகன், யாருக்கு மைத்துனர், யாருக்குச் சகலன் என்று எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் எழுதி முடிக்க வேண்டும். ஒரு சகலனின் பெயர் விடுபட்டால் போதும், செத்தவீட்டில் சவப்பெட்டியை மறந்துவிட்டுச் சண்டை தொடங்கிவிடும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கனடாவுக்கு வரும்போது ராஜன் குடும்பத்துக் கொப்பியை உடுப்புக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ராஜன்தான் என்னைக் கூப்பிட்டது. அவனுடைய பெரியம்மா பிலோமினா தாதியாக ரொறன்ரோவுக்குப் போய் அங்கே ஹென்றி ஸ்னெல்பி என்ற வெள்ளைக்காரரைக் கலியாணம் செய்தவர். பிள்ளைகள் இல்லை. தங்கை இறந்ததும் தங்கையின் மகன் ராஜனைப் பன்னிரண்டு வயதில் கூப்பிட்டு வளர்த்தார்கள். பிலோமினா காலமானபோது அறிவித்தலை எழுதியது நான். இப்போது ஹென்றிக்கு எண்பத்தைந்து வயது வருகிறதாம், பிறந்தநாளுக்கு ஒரு சிறப்பு மலர் அச்சடிக்க வேண்டுமாம், குடும்ப வரலாறு சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லையாம். அப்படித்தான் ரெலிபோனில் சொன்னான்.

முதல் நாள், ரொறன்ரோவுக்குக் கிழக்கே ராஜன் வீடு உள்ள விட்பியில் விடிந்தது. அங்கே எல்லா வீடும் ஒரே அச்சில் அடித்த கலியாணக் காட் போல இருக்கிறது. குப்பைத் தொட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றி, உள்ளே போய் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சீனப் பெண்மணி வந்து தேத்தண்ணியா கோப்பியா என்று கேட்ட பிறகுதான் அது பக்கத்து வீடு என்று விளங்கியது. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் கிணற்றடி வரைக்கும் துரத்துவார்கள். அந்த அம்மா பிஸ்கற்றும் தந்து அனுப்பினார்.

திரும்பி வரும்போதுதான் ராஜன் வீட்டுக் காரின் நம்பர் தகட்டைக் கவனித்தேன். இலக்கத்துக்குப் பதிலாக ஆங்கிலத்தில் 'லேடி சு' என்று இருந்தது.

ராஜனின் மனைவி சுகந்தி பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். உறைந்த இடியப்பத்தைச் சூடாக்கி, சொதியும் சம்பலும் வைத்து, நான் மூன்றாவது இடியப்பத்தில் கை வைத்தபோது விசயத்தைச் சொன்னாள்.

ஹென்றி வெறும் ஹென்றி இல்லை. சேர் ஹென்றி ஸ்னெல்பி, பதினோராவது பரோனெற். சும்மா 'சேர்' பட்டம் ஆளோடு போய்விடும். பரோனெற் அப்படியில்லை, அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். முந்நூறு வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஹென்றிக்குப் பிறகு வாங்க ஆள் இல்லை. ஆகவே சுகந்தி லண்டனில் யார் யாருக்கு அந்தப் பட்டம் என்று எழுதிய இடாப்பை வைத்திருக்கும் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். கடிதத்தோடு, மகன் என்பதற்கு அத்தாட்சியாக, நான் எழுதிய மரண அறிவித்தலை முறைப்படி மொழிபெயர்த்து இணைத்திருக்கிறாள்.

சுவரில் அந்த அறிவித்தல் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. எழும்பிப் போய் வாசித்தேன். 'அன்னார் ஹென்றி ஸ்னெல்பியின் அன்பு மனைவியும், ஏக புத்திரன் ராஜனின் பாசமிகு அன்னையும், சுகந்தியின் அருமை மாமியாரும் ஆவார்.'

இடியப்பம் நெஞ்சில் நின்றது.

இதை விளக்க வேண்டும். எங்கள் ஆட்களில் வளர்த்த பிள்ளையை அறிவித்தலில் மகன் என்று போடுவது வழக்கம். சகோதரியின் மகனைப் பெறாமகன் என்று தனி வரியில் போடலாம்தான். ஆனால் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படிப் போட்டால் மனம் நோகும். ராஜன் அன்றைக்கு ரெலிபோனில் அழுதுகொண்டு, மகன் என்று போடச் சொன்னான், போட்டேன். அதில் பிழை இல்லை. பிழை 'ஏக' என்பதில். அதை ஒருவரும் கேட்கவில்லை. 'மகன் ராஜனின்' என்று எழுதியபோது அந்த வரி குட்டையாக இருந்தது. மேல் வரியும் கீழ் வரியும் நீளம், நடுவில் பல் விழுந்த மாதிரி ஓட்டை. அழகுக்காக 'ஏக புத்திரன்' என்று மாற்றினேன். ஆங்கிலத்தில் அது, வேறு பிள்ளை இல்லாத ஒரே மகன் என்று போய் லண்டனில் இறங்கியிருக்கிறது.

லண்டன்காரர் மரியாதையாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். தகப்பன் ஸ்னெல்பி, மகன் ராஜன் செபமாலை, இது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். தமிழர் பெயர் அப்படித்தான் இருக்கும் என்று சுகந்தி பதில் போட்டாளாம். அப்படியானால் குடும்பத்தை அறிந்த ஒருவர் சட்டத்தரணி முன்னால் சத்தியக்கடதாசி கொடுக்கட்டும் என்று அவர்கள் கேட்க, குடும்பத்தை அறிந்த ஒருவர் விட்பியில் சொதி குடித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை மூண்டு மணிக்கு அப்பொயின்ற்மென்ட், சூசையண்ணை. நீங்கள் எழுதினது சரி எண்டு ஒரு கையெழுத்து வைச்சால் காணும்," என்றாள் சுகந்தி.

"மலர் போடுறதெண்டு..."

"அதுவும் போடுவம். பட்டத்தோடை போட்டால் வடிவுதானே."

அன்று முழுக்கக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ராசாவின் நாட்டில் ராசா கொடுத்த பட்டத்துக்குப் பொய்ச் சத்தியம் செய்தால் என்ன தண்டனை என்று யாரிடம் கேட்பது? கேட்டாலே சந்தேகப்படுவார்கள். மறுத்தால், அவர்களுடைய சோற்றைத் தின்றுகொண்டு, அவனை மகன் இல்லை என்று நானே சொல்ல வேண்டும். மகன் என்று எழுதியதும் நானே.

மறுநாள் ஹென்றியைப் பார்க்க மல்வேர்னுக்குப் போனோம். பெரிய அடுக்குமாடி. ராஜன் என்னை எட்டாம் மாடிக்கு முன்னால் போகச் சொல்லிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனான். லிப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. இருந்த பொத்தான்களை எல்லாம் அமத்தினேன். அந்தோனியாரைக் கூப்பிட்டேன். இங்கே செத்தால் எனக்கு யார் அறிவித்தல் எழுதுவது என்ற கவலை வந்தது. என் சகலனின் பெயரில் எந்த 'ர' வரும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல். "பயப்பிடாதை மோனை. ஒண்டையும் அமத்தாதை. சும்மா நில்."

யாரோ ஊர்க்கிழவர் என்று நினைத்து உயிர் வந்தது. கதவு இரண்டு விரற்கடை திறந்தது, பிறகு ஒரு முழம் திறந்தது. சாரம் கட்டிய, சிவந்த முகமுள்ள ஒரு வெள்ளைக்காரர் முழங்காலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். மற்றக் கையில் திருப்புளி.

அவர்தான் பதினோராவது பரோனெற். நாற்பது வருடம் லிப்ட் திருத்தியவர். ஓய்வு எடுத்த பிறகும் அந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றால் கம்பனிக்குச் சொல்ல முன் அவருக்குத்தான் சொல்வார்களாம். என்னை இழுத்து எடுத்துவிட்டு, கேபிள் போன மாதமே இருமத் தொடங்கிவிட்டது என்று, படியால் ஏறி வந்து சேர்ந்த ராஜனுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அவருடைய தமிழ் முழுக்கப் பிலோமினாவிடம் பழகியது. ஆகவே எண்பத்தைந்து வயது வெள்ளைக்காரர் எங்கள் ஊர்த் தாய்மார் சமையலறையில் மகனோடு பேசுகிற மாதிரியே பேசினார். இரு மோனை, ஏன் மெலிஞ்சு போனாய், வடிவாச் சாப்பிடு. இங்கிலாந்துப் பிரபு என்றால் எப்படி இருப்பாரோ என்று நான் காரில் வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தது இதற்குத்தான்.

அவர் அவித்த புட்டு, நீத்துப்பெட்டியில் அவித்தது. பனையோலைப் பெட்டியைப் பதமாகத் தட்டிக் கவிழ்த்தார், புட்டு உடையவில்லை. என் மனைவிக்கு அது இன்னும் சரிவரவில்லை. சொதியைக் கலக்கிய வெள்ளிக் கரண்டியின் காம்பில் ஒரு சப்பாத்து பொறித்திருந்தது. அதுதான் ஸ்னெல்பி குடும்பத்தின் சின்னமாம்.

கதையைக் கேட்டேன். அந்தக் காலத்து ராசா ஒருவர் வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து சேற்றில் தலைகீழாக விழுந்திருக்கிறார். முதலாவது ஸ்னெல்பி சப்பாத்தில் பிடித்து இழுத்து எடுத்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வாயை மூடியதற்குக் கொடுத்த பட்டம். இரண்டாவது ஸ்னெல்பி பட்டம் கைக்கு வந்த கிழமையே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். நாலாமவர் ஒரு அன்னத்தோடு சண்டை பிடித்துக் குளத்தில் மூழ்கிப் போனார். ஆறாமவருக்கு ஏழு பெண் பிள்ளைகள். பெண்ணுக்குப் பட்டம் இறங்காது. அவர் கண்ணை மூடியதும், ஒருநாளும் கண்டிராத ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் வந்து ஏழாவது பரோனெற் ஆனான். வீடும் பட்டத்தோடு சேர்ந்தபடியால் அதுவும் அவனுக்கு. ஏழு பெண்களும் ஒரே பின்னேரத்தில் வண்டி ஏறினார்கள்.

"ஏழு பிள்ளையள் மோனை," என்றார் ஹென்றி. கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பூனையும் அவனுக்குத்தான் எண்டிட்டான்."

பிறகு அந்த வீடும் எரிந்து, ஹென்றியின் பாட்டனார் ஒரு பெட்டியும் இந்தக் கரண்டியுமாகக் கனடாவுக்கு வந்திருக்கிறார். பிலோமினா தான் லேடி ஸ்னெல்பி என்று ஒரேயொரு தரம் சொன்னாராம், கோயில் மண்டபத்தில் கடைசிக் கதிரையைப் பிடிப்பதற்கு. பரோனெற்றின் மனைவிக்கு லேடிக்குப் பின்னால் புருசனின் குடும்பப் பெயர்தான் வரும், சொந்தப் பெயர் வராது என்றும் ஹென்றி அப்போதுதான் சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராஜனுக்குப் பட்டம் கிடைத்தாலும் சுகந்தி, லேடி செபமாலை. கார்த் தகடு எப்படியும் பிழை. அதைச் சுகந்தியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

உங்கள் குடும்பத்துக்குப் பட்டம் உண்டா என்று என்னைக் கேட்டார். உண்டு என்றேன். எங்கள் பூட்டன் ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் தோட்டத்தில் காகம் கலைக்க நின்ற வெருளியைக் கள்ளன் என்று நினைத்து ஓடிப்போய் ஊர் விதானையாரிடம் முறைப்பாடு செய்தவர். அன்றிலிருந்து நாங்கள் வெருளி வீட்டார். மகனுக்கும் இறங்கும், மகளுக்கும் இறங்கும், மருமகனுக்கும் கலியாணத்தன்றே இறங்கும். இடாப்பும் இல்லை, சத்தியக்கடதாசியும் இல்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு பட்டம் வாரிசு இல்லாமல் அழிந்ததாகச் சரித்திரமே கிடையாது. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள்.

ஹென்றி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு என்னை 'சேர் வெருளி' என்றுதான் கூப்பிட்டார். சத்தியக்கடதாசி விசயம் அவருக்குத் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே விளங்கியது. ராஜன் தட்டைப் பார்த்துக்கொண்டு புட்டைக் கிளறினான்.

சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் அரங்கேற்றம். ஆட்டம் தொடங்க முன்னர் பத்து நிமிடத்தில் மூன்று பேருக்குப் பொன்னாடை போர்த்தி மூன்று பட்டம் கொடுத்தார்கள். ஒருவர் கலைச்சுடர், ஒருவர் சேவைச்செம்மல், மூன்றாமவரின் பட்டம் ஒலிவாங்கி கீச்சிட்டதில் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை போல, பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தார். ராசா சேற்றில் விழ வேண்டிய அவசியமே இல்லை. இது நல்ல முறையாக எனக்குப் பட்டது. சுகந்திக்கு அப்படிப் படவில்லை. உதெல்லாம் ஒருநாள் கூத்து, எங்கடை பரம்பரை, என்றாள். வழக்கமாக இப்படியான இடங்களுக்கு அவள் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டியை அன்று கொண்டுவரவில்லை. லேடிமார் மிச்சப் பிரியாணி கட்டமாட்டார்கள் என்பது அவளுடைய எண்ணம். பின்னேரம் வீட்டுக்கு வந்து மூன்று பேரும் பாண் தின்றோம்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. மண்டபத்துக்கு வெளியே காருக்குப் பக்கத்தில் ராஜனும் நானும் சுகந்திக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். ஏப்ரல் மாதம், வசந்தம் என்று சொன்னார்கள், பனி கொட்டிக்கொண்டிருந்தது. ராஜன் கேட்காமலே சொன்னான். அவனை முறைப்படி தத்தெடுக்கவில்லையாம். எங்கடை பிள்ளைக்கு எங்களுக்கு ஏன் பேப்பர் என்று பெரியம்மா விட்டுவிட்டாராம். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் 'உறவு' என்ற கட்டத்தில் வேறு ஏதோ எழுத வேண்டியிருந்ததாம். போன வருடம் ஹென்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ யார் என்று கேட்டு வாசலில் நிறுத்திவிட்டார்களாம்.

"எனக்கு உந்தப் பட்டம் என்னத்துக்கு, சூசையண்ணை," என்றான். "ஒரு பேப்பரிலையாவது மகன் எண்டு கிடக்கட்டும்."

நாற்பத்தெட்டு வயது, மீசை நரைத்த மனுசன். நான் குடையைப் பிடிப்பது போல முகத்தை மறைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ராஜன் வேலைக்குப் போகிற வழியில் என்னை ஒரு பஸ் நிலையத்தில் இறக்கி, சட்டத்தரணியின் கந்தோர் உள்ள பிளாசாவுக்கு எந்த பஸ் என்று கடதாசியில் எழுதித் தந்தான். சுகந்தி மூன்று மணிக்கு அங்கே நிற்பாள். ஒரே ஒரு பஸ். சின்னப்பிள்ளையும் போகும்.

நான் வேறு பஸ்ஸில் ஏறினேன். பிழையாக ஏறினேன் என்று பிறகு எல்லாருக்கும் சொன்னேன். உண்மை என்னவென்றால் கால் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த பஸ் ஒரு ரயில் நிலையத்தில் முடிந்தது, சனம் போன பக்கம் போனேன். ரயிலுக்குள் வெயில் பட்டது, நித்திரையாகிவிட்டேன். பிறகு இன்னொரு பஸ். கடைசித் தரிப்பு என்று சாரதி எழுப்பியபோது நான் ரெக்ஸ்டேலில் இருந்தேன். அது நகரத்தின் மற்ற அந்தம். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி வல்வெட்டித்துறையில் இறங்க வேண்டியவன் வவுனியாவில் இறங்கிய மாதிரி.

நடுவில் ஓட்டை உள்ள பணிஸ் ஒன்றை வாங்கி, அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு தரிப்பிடத்தில் நின்றேன். கழுத்தில் கம்பனி அட்டை தொங்க ஒரு பெண் என் கொப்பியில் உள்ள தமிழைப் பார்த்துவிட்டு வந்தாள். மதுரைப் பிள்ளை.

"எங்க சார் போகணும்?"

எங்கே போக வேண்டும் என்பதுதான் பிரச்சினை என்றேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ரயில் நிலையம் வரைக்கும் கூடவே வந்து, மாற வேண்டிய பஸ்ஸின் இலக்கத்தை என் உள்ளங்கையில் எழுதிவிட்டாள். "வேர்த்தா அழிஞ்சிரும், கையை மூடாதீங்க," என்றாள். ரொறன்ரோவைக் குறுக்காக, பிச்சை கேட்கிறவன் போலக் கையை விரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். ஒருவர் சில்லறையும் போட்டுவிட்டார். இறங்கிவிட்டபடியால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பிளாசாவுக்குப் போகிற பஸ்தான் மல்வேர்னுக்கும் போகிறது. பிளாசா தரிப்பு வந்தது. நான் மணியை அடிக்கவில்லை. நேரே ஹென்றியின் கட்டடத்தில் போய் இறங்கி, லிப்டில் ஏறாமல், எட்டு மாடியும் படியால் ஏறினேன்.

கதவைத் திறந்ததும் மூச்சு வாங்க முன்னரே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறிவித்தல், லண்டன், மூன்று மணி, ஏக புத்திரன். வரி குட்டையாக இருந்தது என்பதை இரண்டு தரம் சொன்னேன். ராஜன் காருக்குப் பக்கத்தில் நின்று சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஹென்றி அடுப்பை நிறுத்தினார். சப்பாத்துக் கரண்டியைத் துடைத்து, துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"வாசலிலை நிப்பாட்டினதை அவன் எனக்குச் சொல்லேல்லை," என்றார். பிறகு, "எழும்பு மோனை. கோட்டைப் போடு," என்றார்.

மூன்றே முக்காலுக்கு இருவரும் கந்தோருக்குள் நுழைந்தோம். ஹென்றி அவசரத்தில் சாரத்துக்கு மேல் கோட் போட்டிருந்தார். சுகந்தி சிவந்துபோய் நின்றாள். நான் தொலைந்துவிட்டேன் என்று அவள் கூப்பிட்டதில் ராஜனும் வேலையை விட்டு வந்திருந்தான். ஹென்றியைக் கண்டதும் அவனுடைய முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியாது.

சட்டத்தரணி நிலானி இங்கே பிறந்த பிள்ளை, முப்பது வயது இருக்கும். கடதாசியை என் முன்னால் வைத்தாள். "அங்கிள், பட்டம் குடுத்த பத்திரத்திலை என்ன இருக்கெண்டால், முதலாமவரின்ரை உடம்பிலையிருந்து சட்டப்படி பிறந்த ஆண்பிள்ளையளுக்கு, பிறகு அவையின்ரை உடம்பிலையிருந்து... சொறி, எனக்கே வாசிக்கக் கூச்சமா இருக்கு. ராஜன் அங்கிள் அப்பிடிப் பிறந்தவர் எண்டு நீங்கள் சத்தியம் பண்ணவேணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேனை என் கையில் இருந்தது. உள்ளங்கையில் பஸ் இலக்கம் பாதி அழிந்து கிடந்தது.

"மகன் எண்டு எழுதினது சரி," என்றேன். "முப்பது வருசத்திலை நான் அதைவிடச் சரியா ஒண்டும் எழுதேல்லை. ஆனால் உடம்பிலை பிறந்ததெண்டு எழுத ஏலாது, பிள்ளை. 'ஏக புத்திரன்' எண்டது என்ரை வேலை. வரி குட்டையா இருந்தது."

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். தகட்டை நினைத்தாளோ தெரியாது. அப்படியானால் ஹென்றியோடு பட்டம் முடிந்துபோகும், பிறகு தத்தெடுத்தாலும் இறங்காது என்று நிலானி மெல்லச் சொன்னாள். ஹென்றி தலையாட்டினார். முந்நூறு வருடம் வாயை மூடியதற்குக் காணும் என்றார். பிறகு ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, பட்டத்துக்கு வேண்டாம், சும்மா மகனாகத் தத்தெடுக்கலாமா, ஆனால் ஆள் கொஞ்சம் வளர்ந்துவிட்டான் என்று கேட்டார்.

எத்தனை வயது என்று நிலானி கேட்டாள்.

"நாப்பத்தெட்டு," என்றார் ஹென்றி. "இன்னும் வடிவாச் சாப்பிடமாட்டான்."

முடியும் என்றாள் நிலானி. இந்த மாகாணத்தில் பெரிய ஆட்களையும் கோர்ட்டில் போய்த் தத்தெடுக்கலாமாம். பிள்ளையின் சம்மதம் மட்டும் வேண்டுமாம். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றபடியால் சம்மதத்தைப் பெறக் கொஞ்ச நேரம் எடுத்தது. சுகந்தி கைப்பையிலிருந்து ரிசுக் கடதாசி எடுத்துக் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்தாள். என்னைப் பார்த்து, "உதை நீங்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம், அண்ணை," என்றாள். முதல் நாள் வாயில் இடியப்பம் இருந்தது என்றேன்.

கார்த் தகட்டை அவள் மாற்றவில்லை. பிழையான தகட்டுக்கு லண்டனிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று ஹென்றியே சொல்லிவிட்டார். நான் வெளிக்கிடும் நாளில் அந்தக் காரில்தான் விமான நிலையத்துக்குப் போனேன். சாப்பாட்டுப் பெட்டியில் ஹென்றியின் புட்டு இருந்தது. பெட்டி மறுபடி வேலைக்கு வந்துவிட்டது.

ஊருக்கு வந்து மலரை எழுதத் தொடங்கினேன். கடைசிப் பக்கத்துக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பிறப்பு அறிவித்தல். மரண அறிவித்தல் எழுதிப் பழகிய கை, வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் விட்பியை வதிவிடமாகவும் கொண்ட ராஜன் அவர்கள், மல்வேர்னைச் சேர்ந்த ஹென்றி ஸ்னெல்பி, காலஞ்சென்ற பிலோமினா தம்பதிகளுக்கு மகனாகக் கிடைத்துள்ளார். இவர் காலஞ்சென்ற செபமாலை தம்பதிகளின் அன்பு மகனும், சுகந்தியின் அன்புக் கணவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

பிறந்தவுடன் மனைவியும் உள்ள பிள்ளையை நான் இதற்கு முன் எழுதியதில்லை. 'மகனாகக் கிடைத்துள்ளார்' என்ற வரி நடுவில் குட்டையாக நின்றது. கை துடித்தது, நான் தொடவில்லை. அந்த வரியைப் பற்றி ஹென்றிக்கு ரெலிபோனில் சொல்லிவிட்டு, கோர்ட் கட்டளை வரும்வரைக்கும் அச்சுக்கு அனுப்பவில்லை. மூன்று மாதம் அந்தக் குட்டை வரியைப் பார்த்துப் பார்த்து, கட்டளை வராமல் போனால் என்ன செய்வது, ஹென்றிக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று மெலிந்தேன்.

ஒரு பின்னேரம் ரெலிபோன் வந்தது. ராஜன் என் பெயரைச் சொன்ன கையோடு, "இந்தாங்கோ, பெரியப்பா கதைக்கிறாராம்," என்று கொடுத்தான். அவன் இனியும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான் போலிருக்கிறது.

"சேர் வெருளி," என்றார் ஹென்றி. "பேப்பர் வந்திட்டுது. நீ இப்ப அந்த வரியைச் சரிப்பண்ணு."

பேனையை எடுத்தேன். 'மகனாக' என்பதை வெட்டிவிட்டு, 'ஏக புத்திரனாக' என்று எழுதினேன். வரி விளிம்பு வரைக்கும் வந்து சரியாக நின்றது.